கவிதாவுக்காக நான் நிரப்பிய விசா

பிப். 10, செவ்வாய்
காலையில் பனி. பைக் ஸ்டார்ட் ஆக எட்டு உதை. விழுப்புரம் பட்டறைக்கு இருபது நிமிஷம் லேட். லேத் பெல்ட் மாற்ற வேண்டும் (மூன்று நாளாக இதையே எழுதுகிறேன்).

மதியம் மெயில். சித்தப்பா மகள் கவிதாவின் வொர்க் விசா ரிஜெக்ட். ஒரே காரணம்: ஆங்கிலத் தேர்வில் பழைய அளவு மார்க் போதாது. இந்த வருஷம் முதல் ஒரு படி மேலே வேண்டும். கட்டிய ஃபீஸும் போச்சு.

நான் பார்த்து நிரப்பியது, போன வருஷம் எனக்காக இறக்கி வைத்த விதிமுறை பி.டி.எஃப். வெப்சைட்டைத் திறக்கவே இல்லை.

வாட்ஸ்அப்பில் பழைய மெசேஜ்களைத் தேடினேன். டிசம்பரில் கவிதா: “அண்ணா, ரூல் மாறுதாம். லிங்க் பாருங்க. இந்த மாசமே போட்டுடலாமா?” என் பதில்: “ஃபார்வர்டு மெசேஜ் எல்லாம் அனுப்பாதே. எனக்குத் தெரியும்.” விண்ணப்பம் போட்டது பொங்கல் கழித்து.

லிங்க், அந்த நாட்டு அரசாங்கத்தின் சொந்த வெப்சைட். இன்றுதான் திறந்தேன்.

அவள் பி.இ. சிவில், வானூரில் சைட் இன்ஜினியர். நான் டிப்ளமோ. இருந்தும் சித்தப்பா என்னிடம்தான் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

பிப். 11, புதன்
போனில் சித்தப்பாவிடம் சொன்னேன்: “ரூல மாத்திட்டாங்க.” கவிதா அனுப்பிய லிங்க்கைப் பற்றிச் சொல்லவில்லை. வேலை கொடுத்த கம்பெனி மார்ச் கடைசி வரைதான் காத்திருக்கும். மறு தேர்வு, ரிசல்ட், புது விசா. நாள் எண்ணினேன். இடிக்கிறது.

சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. மோட்டாருக்குச் சாமான் வாங்க வந்த சித்தப்பா, நாலு பேர் முன்னால் என் தோளில் கை போட்டார். “லீவு போட்டுக்கினு அலைஞ்சான்யா இவன். அவனுங்க ரூல மாத்திட்டா புள்ள இன்னா பண்ணுவான்?”

டீக்கடைக்காரர்: “வெள்ளக்காரனுங்களோட ஒரே பேஜாருப்பா. வேலைக்கு வான்னுவான், வாசல்ல பூட்டுப் போடுவான்.”

சிரிப்பு. நானும் சிரித்தேன். சீ.

பிப். 12, வியாழன்
ஒரு ஷாஃப்ட் வீண். அரை மி.மீ. அதிகம் கடைந்துவிட்டேன். ஃபோர்மேன்: “கண்ண எங்கடா வெச்சிக்கினு வேல பாக்குற?” கவிதாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. திட்டினால் தேவலை. பெல்ட் மாற்றவில்லை.

பிப். 15, ஞாயிறு
வெயில் இப்போதே சுள்ளென்று. கூட்டேரிப்பட்டு, சித்தப்பா வீடு. மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே சொன்னேன்.

“தப்பு ரூலு மேல இல்ல சித்தப்பா. மாறப்போவுதுன்னு கவிதா முன்னாடியே சொல்லிச்சி. நான்தான் பாக்கல. பொய் சொல்லிட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். “ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது?”

“சொல்லியிருந்தா அண்ணன உட்டுட்டு என் பேச்சக் கேட்டிருப்பியா?”

அவர் காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கவிதா அழவில்லை. என்னிடம்: “டெஸ்டுக்கு நானே டேட் போட்டுட்டேன். இந்த வாட்டி நானே ஃபில் பண்ணிக்கிறேன். பாஸ்வேர்ட மட்டும் குடுங்கண்ணா.”

அவள் விசா கணக்கின் பாஸ்வேர்டு. நான் வைத்தது. என் பெயர், என் பிறந்த வருஷம். சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்தாள்.

“மொதல்ல இத மாத்தணும்,” என்றாள்.