ஆணி அடித்த மரங்கள்

மார்ச் 3

அரசுக் காட்டில் இந்த ஆண்டு பாதி மரம்தான் வெட்டுவார்களாம். தம்பி வேலை முடிந்து வந்ததும் சொன்னான். அறுவை மில்லில் ரம்பம் ஓட்டுகிறவன். அறுக்க வெட்டுமரம், தடி, வந்தால்தான் அவனுக்கு வேலை. "இனிமே தனியார் காட்டுத் தடிதான் அக்கா. நம்ம மரத்துக்கு வந்த யோகத்தைப் பாரு!" என்று சிரித்தான். அப்பா எங்கள் இருவருக்கும் சேர்த்து விட்டுப்போன காடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலை ஏறும் பொருளுக்குக் காவல் வேண்டும். காவலுக்கு இருப்பது நான் ஒருத்தி.

மார்ச் 12

மர வியாபாரி காலையிலேயே வந்துவிட்டார். போன மாதம் கண்டும் காணாமல் போனவர், இன்று வாய் நிறையத் "தங்கச்சி" என்கிறார். விலை ஒன்றரை மடங்கு. விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. இன்னும் ஏறும், பொறு என்றேன். பேராசையா? இருக்கட்டும். போகும்போது வியாபாரி சொன்னார்: "சீக்கிரம் முடிவெடு தங்கச்சி. நீ விக்கலேன்னாலும் மரம் போயிடும்."

அது என்ன பேச்சு?

மார்ச் 20

பக்கத்துக் காட்டில் பட்டப்பகலில் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடிக்கட்டைகளில் ஈரம்கூடக் காயவில்லை. பார்த்ததிலிருந்து எந்த லாரிச் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

அந்தக் காட்டுக்காரருக்கு ஊரில் 'புலம்பல்' என்று பெயர். இன்று அவர் புலம்பவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். "ஆணி அடிச்சிடும்மா" என்றார். மரத்துக்குள் ஆணி இருந்தால் ரம்பத்தின் பிளேடு அறுந்து பறக்கும், ஆளையே கொன்றுவிடும். அதனால் ஆணி அடித்தவர்கள் மரத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் பூசிவிட வேண்டும். அதைப் பார்த்து மில்காரர்கள் ஒதுக்குவார்கள். திருடனும் ஒதுங்குவான்.

மார்ச் 22

பின்பக்கப் பாதையோர மரங்களுக்கு அடித்துவிட்டேன். கீழே அடித்தால் பிடுங்கிவிடுவார்கள் என்று ஏணி வைத்து உயரத்தில் அடித்தேன். வளையத்தை மட்டும் நெஞ்சளவில் பூசினேன், வருகிறவன் கண்ணில் படட்டும் என்று. தம்பி காட்டுப் பக்கம் வருவதே இல்லை. அவனிடம் சொல்லவில்லை. ஆணிக்காடு என்று பெயர் வந்தால் எந்த மில்லும் எங்கள் தடியைத் தொடாது. அவன் பங்கும் சேர்ந்து போகும். விற்பதற்கு முன் நானே பிடுங்கிவிடுவேன்.

ஏப்ரல் 6

யாரும் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 15

மூன்று மரம் இல்லை. வளையம் பூசிய மரங்கள்தான். வளையம் உள்ள அடித்துண்டை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டு, மேலே இருந்ததைக் கொண்டுபோயிருக்கிறார்கள். மஞ்சள் இருக்கிற இடத்தில்தானே ஆணி இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். யாரும் அப்படித்தானே நினைப்பார்கள்! ஆணி மேலதான் இருக்கு, மேல! பார்க்க நல்ல தடி. எவன் வாங்குவான்? தடி கிடைக்காம அலையுற மில்லு. தம்பி வேலை பார்க்குற மில்லு. அவன் முகத்துக்கு நேரா அந்தப் பிளேடு —

போன் செய்தேன். எடுக்கவில்லை. ரம்பம் ஓடினால் அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. போகிறேன்.

அதே நாள், மாலை

மில் வாசலிலிருந்தே கத்தினேன், ஒருவரும் திரும்பவில்லை. மெயின் ஸ்விட்சை நானே அணைத்தேன். அரசுக் காட்டு முத்திரை இல்லாத தடி ஒன்று ரம்பத்தில் ஏறியிருந்தது. தம்பி திட்ட வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். எல்லார் முன்னாலும் சொன்னேன். பட்டையைச் செதுக்கினார்கள். என் ஆணிதான். பிளேடுக்கும் அதற்கும் ஒரு சாண்.

"உங்க காட்டு மரம் இனிமே விறகுக்குத்தான்" என்றார் மில் முதலாளி. தடி எங்கே வாங்கினீர்கள் என்று நானும் கேட்கவில்லை. தம்பி வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

மே 9

மர விலை இன்னும் ஏறியிருக்கிறது. எங்கள் காட்டுக்கு வியாபாரியும் வருவதில்லை, திருடனும் வருவதில்லை.

இன்று மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ரம்பத்தைப் போடுவதற்கு முன் தம்பி தடியின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவினான். "இப்படித் தடவிக்கிட்டே இருந்தா பொழுது போயிடும்டா!" என்று முதலாளி கத்தினார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டான்.

"அக்கா, இதுல இல்லையே?"

"இல்லடா. அரசாங்க முத்திரை இருக்கு பாரு."

தலையாட்டினான். மறுபடியும் முதலிலிருந்து தடவ ஆரம்பித்தான்.