உப்பளம் வீட்டு நடுச்சுவர்

9-3-2006, வியாழன்
உப்பளம் வீட்டை இரண்டாம் தடவையும் பார்த்தாகிவிட்டது. கிணறு, பவளமல்லி, அகலமான ஹால். இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் வாங்குவதற்கு முன்னால் ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிடலாம் என்றேன். "பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு டாக்டரக் கூட்டிட்டுப் போவியா?" என்கிறார். பேச்சைப் பார்.

12-3, ஞாயிறு
நான் டைப்பிஸ்டாக இருக்கும் பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் எடுக்கிற பலராமன் சார் வந்தார். சின்னச் சுத்தியலால் சுவரெல்லாம் தட்டினார். ஏணியில் ஏறி, டார்ச் அடித்து உத்தரங்களைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா அஞ்சலாட்சி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து முசியே, பாத்து" என்று சாரைப் பிரெஞ்சில் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளை பாரிசில். அந்தம்மா மட்டும் இங்கே தனியாக இருக்கிறார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் சார் வாயைத் திறந்தார். அந்தம்மா பெருமையாகக் காட்டிய ஹால், பிள்ளை கல்யாணத்துக்காக ஒரு சுவரை எடுத்துவிட்டுப் பெரிதாக்கியது. கூரைப் பாரம் முழுக்க இப்போது நடுவில் மிச்சமிருக்கும் பாதிச் சுவரில். "இப்போதைக்கு ஒண்ணும் ஆவாது. அந்தச் செவுத்துல மட்டும் கை வெக்கக் கூடாது. அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

அந்தம்மாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது.

13-3
வாங்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. சுவர் விஷயத்தை அந்தம்மாவிடம் எப்படிச் சொல்வது? வெளியே தெரிந்தால் அந்த வீட்டை வேறு யார் வாங்குவார்கள்? சொல்லாமல் விட்டால் அது பாவமில்லையா?

"வாஸ்து சரியில்லன்னு சொல்லிடலாம். யார் மனசும் நோவாது" என்கிறார் இவர். அப்ப அந்தச் செவுரு? என்றேன். "அவங்க ஏன் அதுல கை வெக்கப் போறாங்க?" அதுவும் சரியாகத்தான் படுகிறது. எதிர்ப்பக்கம் யோசித்தால் அதுவும் சரியாகப் படுகிறது. மண்டை காய்கிறது.

15-3
அந்தம்மாவுக்கு இவர் போன் பண்ணிவிட்டார். கிச்சன் அக்னி மூலையில் இல்லையாம். நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

20-3
எதிலும் மனசு ஒட்டவில்லை. வீடு கைவிட்டுப் போன வருத்தமா? வேறு ஏதாவதா?

27-3, திங்கள்


காலையில் ஆபீசுக்கே போன். அஞ்சலாட்சியம்மா. குரலில் அவ்வளவு சந்தோஷம். "அன்புசெல்வி, ஞாயித்துக்கெழம வந்து பாரும்மா. கிச்சனை அக்னி மூலைக்கே மாத்தறேன். நடுவுல அந்தப் பாதிச் செவுருதான் எடஞ்சல். மேஸ்திரி வந்து நிக்கிறாரு—"

"தொடாதீங்க! எல்லாரும் வெளிய வாங்க மொதல்ல!" நான் கத்தியதில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. லாஸ்பேட்டையிலிருந்து உப்பளம் வரை எந்த வழியாக ஸ்கூட்டர் ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

நல்லவேளை, பூச்சு மட்டும்தான் பெயர்ந்திருந்தது. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா."

"அப்ப எதுக்கு வாஸ்துன்னீங்க?"

ஒங்க மனசு நோவக் கூடாதுன்னு... என்று இழுத்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் கத்தவில்லை. "ஒங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் வாஸ்துன்னுதான் சொன்னாங்க. அதான் மாத்திடலாம்னு பாத்தேன்" என்றவர், வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்து, "அதுல ரெண்டு பேரு இன்ஜினியரோட வந்தவங்க" என்றார்.

9-4, ஞாயிறு
பலராமன் சார் கூடவே நின்று இரும்புத் தூண் நிறுத்திக் கொடுத்திருக்கிறார். கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது. நாங்கள் பார்க்கப் போனபோது அஞ்சலாட்சியம்மா நேராகவே கேட்டார். "இப்ப வாங்கிக்கிறீங்களா?"

இவர் தொண்டையைச் செருமினார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். முந்திக்கொண்டு, "வேணாம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். கண் கலங்கிவிட்டது.

"இத்தினி பேரு வந்து பாத்ததுல, மூஞ்சிக்கு நேரா வேணான்னு சொன்னது நீ ஒருத்திதான்" என்றார்.

மெச்சிக்கொண்டாரா, திட்டினாரா என்று வீடு வந்து சேரும் வரை எனக்குப் புரியவில்லை.