வரப்பில் உட்கார்ந்தது

திருவையாறு
4-2-1970

அன்புள்ள தங்கம்மாளுக்கு, உன் வீட்டுக்காரன் ரெத்தினம் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே அறுப்பில் முதல் ஆள் நான்தான். கூலித் தகராறு முற்றினால் நான் வரப்பில் உட்காருவேன், அதுதான் வேலைநிறுத்தத்துக்கு அடையாளம் என்று சங்கத்தில் பேசிவைத்திருந்தோம். போன வெள்ளிக்கிழமை திடீரென்று நெஞ்சை அடைத்தது, உட்கார்ந்துவிட்டேன். உடனே நாற்பது பேரும் அரிவாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டுவதற்கு ஓடிவந்த பண்ணைக் காரியக்காரர்தான், "அடப்பாவிகளா, ஆளு வேர்த்துக் கெடக்கான், தூக்குங்கடா!" என்று கத்தினார். அவர் வண்டியிலேயே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பயப்படாதே, எனக்கு வாய்வு என்றுதான் தோன்றுகிறது. டாக்டர்தான் இருதயம் என்கிறார். படுக்கையில் இருப்புக் கொள்ளாமல் மூன்றாம் நாளே வயலுக்கு வந்துவிட்டேன்.

உன் கையால் இடித்த சுக்குப்பொடி கொஞ்சம் கொடுத்தனுப்பு. பழைய போர்வையும் வேண்டும், உன்னுடையதாக இருந்தால் நல்லது.

களைத்தால் உடனே உட்காரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அடையாளத்தை மாற்றச் சங்கம் மாசியில்தான் கூடும். அதுவரை நான் உட்கார்ந்தால் நாற்பது வீட்டிலும் உலை ஏறாது. கூப்பிடுகிறார்கள், போகிறேன். இதையும் நின்றுகொண்டேதான் எழுதினேன்.

ரெத்தினம்