உங்கள் கையெழுத்து இல்லாத துண்டு

மொன்ட்ரியால்
மாசி 2007

அன்புள்ள மகளின் அப்பாவுக்கு,

டோர்வலில் வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணப் பாதை பூட்டிச் சில்லறை இல்லாமல் போனபின், ஊரில் எங்கள் கடையில் மிச்சக்காசுக்குப் பதிலாக நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் துண்டுகளில் சிலவற்றை மகள் சேர்த்து வைத்திருக்கிறாள். உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் துண்டு செல்லாது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

நேற்று மாமியின் கடிதத்தோடு புதுத் துண்டு ஒன்று வந்தது.

“இது அப்பான்ர கையெழுத்து இல்லையே?” என்றாள் மகள்.

“அப்பாவுக்குக் கை நோகுதாம், சித்தப்பா போடுறார்” என்றேன்.

எல்லோரும் சுகம் என்று மாமி எழுதியிருக்கிறா. உங்களைப் பற்றித் தனியாக எதுவும் இல்லை.

கடிதம் எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு துண்டில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.

மகளின் அம்மா