ஒரு சுழி கூடிய போஸ்டர்

அக்கா,

கீழே கிளினிக் கதவில் இன்று புதுப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். பசை இன்னும் காயவில்லை, அந்த நாற்றம் மின்தூக்கி வரை வருகிறது. ‘இலவச மன நல ஆலோசனை, சனிக்கிழமைதோறும்.’ இரண்டு சுழி ன. ஒரு பிழை இல்லை. பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. இதை யாரிடம் கொட்டுவது? நீங்களோ மழையில் பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

உங்கள் போஸ்டரில் மூன்று சுழி. உளவியல் முதுகலை படித்துக்கொண்டு பயிற்சிக்கு வந்த இடத்தில் நீங்கள் போட்ட முதல் போஸ்டரே ‘மண நல ஆலோசனை’. ஃபிளாட்டே என்னைத்தான் சந்தேகப்பட்டது. நான் செய்யாத சேட்டைக்குத் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. “சத்தியமா நான் இல்ல லா” என்று நான் கத்த, நீங்கள் மெதுவாக, “நான்தான்” என்றீர்கள்.

“ஒரு சுழி கூடிப்போச்சுக்கா. இனி கல்யாண மண்டபமும் நீங்களே புக் பண்ணிக் குடுங்க” என்றேன்.

அந்தச் சனிக்கிழமையே ஓர் ஆன்ட்டி மகனின் ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்தார். திருத்திவிடலாம் என்றார் டாக்டர். கதவு திறந்திருந்தது, நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது: “தப்புன்னு தெரியும் டாக்டர். ஆனா இந்த வாசல் வழியா வர்றதுக்கு யாரும் வெட்கப்படல. உள்ள வந்ததும் நான் யாருன்னு சொல்லிடறேன்.”

எங்கள் அப்பாவும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார். மாக் மண்டினில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதிலிருந்து வீட்டில் தூக்கமும் இல்லை, பேச்சும் இல்லை. மன நலம் என்றால், “எனக்கென்ன பைத்தியமா?” மண நலம் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு. பதினேழு வயதில் நான் மணப்பெண்.

“பொண்ணு இதான்” என்றார்.

நீங்கள் முதலில் உண்மையைச் சொன்னீர்கள்: இது கல்யாணத் தரகு இல்லை, மனசு சரியில்லாதவர்கள் பேசுகிற இடம். அப்பா எழுந்திருக்கவில்லை. உடனே நீங்கள், “ஆனா பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி அங்கிள், மாப்பிள்ள கிடைக்கிறது கஷ்டம். எப்படிப்பட்டவரு வேணும்?” என்றீர்கள்.

அப்பா யோசித்தார். “வேலைக்குப் போகணும். ராத்திரி தூங்கணும். வீட்டுல நாலு வார்த்த பேசணும்.”

எனக்கு நுனிநாக்கில் ஒரு ஜோக். நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்கள், விழுங்கிவிட்டேன். வெளியே லாரி ஒன்று பின்னால் எடுத்து முடிக்கிற வரைக்கும் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அப்புறம் அப்பா தரையைப் பார்த்தபடி, “எனக்கு இப்போ அது எதுவும் முடியல மா” என்றார்.

“கேட்டுட்டா வாய மூடிட்டு இருக்கணும்” என்று பிறகு எனக்குச் சொன்னீர்கள். அந்த வாரமே டாக்டர், நர்ஸ், மருந்து கொடுப்பவர், சமூகநல அதிகாரி அண்ணன், நீங்கள் எல்லோரும் ஒரே மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசினீர்கள். அவருடைய சீனி வியாதி மருந்து மாறியது. அந்த அண்ணன் ஒரு கிடங்கில் அரை நாள் வேலை பிடித்துக் கொடுத்தார். அப்பா வாராவாரம் உங்களிடம் வந்தார். ஒருநாள் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டார். அம்மா சந்தோஷத்தில் அழுதார்.

இப்போது அந்த மேசையில் பெட்டிகள். கூட்டம் போன் குழுவில் நடக்கிறதாம், டாக்டர் கட்டைவிரல் படம் போடுகிறார். பயிற்சிக்கு வருகிறவர்கள் செமஸ்டருக்கு ஒருவர். ஒவ்வொருவரிடமும் அப்பா தொழிற்சாலை மூடிய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். டாக்டரைப் பார் என்கிறார் சமூகநல அண்ணன், அண்ணனைப் பார் என்கிறார் டாக்டர். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் ஓடும் ஃபெரிப் படகு போல அலைந்துவிட்டு அப்பா போவதையே நிறுத்திவிட்டார். கிடங்கு வேலையும் நின்றுவிட்டது.

புதிதாகப் பயிற்சிக்கு வந்த அக்காவிடம் கேட்டேன்: “அந்த ஒரு சுழிய அப்படியே விட்டிருக்கலாமே?”

“எழுத்துப்பிழை தங்கச்சி. லெக்சரர் பார்த்தா எனக்கு மார்க் போயிடும்.”

“உங்களுக்கு மார்க் போகும். எங்களுக்கு ஆளே போயிடும்கா.”

சிரித்தார். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்திருக்கிறார். எப்போதும் ஜோக் அடிக்கிறவளுக்கு இதுதான் தண்டனை.

மாடியேறி வந்து அப்பாவிடம் சண்டையே போட்டேன். நாளைக்குப் போகத்தான் வேண்டும் என்றேன். கடைசியில் அவர், “நீ உள்ள வந்து பக்கத்துல உக்காந்தா வரேன்” என்றார்.

நாளைக்கு உட்காரப்போகிறேன். அந்த அக்கா கேட்பார், அப்பா தரையைப் பார்ப்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன், எனக்கு எவ்வளவு அரித்தாலும். ஆனால் அப்பா ஆரம்பிப்பதற்குள் அந்த அக்கா அடுத்த கேள்விக்குத் தாவினால், மேசைக்கடியில் அவர் காலை மிதித்துவிடுவேன்.