இயற்பியல் சீட்டுக்கு இரண்டு பல்

முழங்கையில் உன் பல்தடத்தை இன்னும் அழியாமல் வைத்திருப்பவன் எழுதிக்கொள்வது, என் அன்பு மச்சான்,

இந்தக் கடிதத்தை வாயை மூடிக்கொண்டு எழுதுகிறேன். முன்பல் இரண்டு போய்விட்டன. பேசினால் காற்று வருகிறது. எழுத்தில் வராது என்பது ஒரு வசதி.

ரிசல்ட் நாளில் உன் வீட்டு முறை ஊருக்கே தெரியும். நீ பெல்ட்டை உருவுவாய். உன் மகள் ஆர்த்தி சுவரோடு ஒட்டிக்கொள்வாள். நான் ஓடிவந்து பின்னாலிருந்து உன் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். "வுடுறா மச்சான், இன்னிக்கி இவள கொன்னுட்டுதான் மறுவேல" என்று கத்துவாய். விடமாட்டேன், கடிப்பாய். அப்புறம் கையில் கிடைத்தது எதுவோ அது சுவருக்குப் போகும். பிறகு டீ. உன் ஒரு கண் எப்போதும் வாசலில்தான் இருக்கும். நான் வரத் தாமதமானால் பெல்ட்டை மெதுவாக உருவுவாய் என்று என் தங்கை சொல்வாள்.

நீ உடைத்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து, ஸ்குரூ டிரைவரோடு மூலையில் உட்கார்ந்துவிடுவாள் அவள். மிக்ஸி, டேபிள் ஃபேன், உன் கல்யாணத்துக்கு நான் வாங்கித் தந்த கடிகாரம். எல்லாம் இன்னும் ஓடுகின்றன. நீதான் நின்றுவிட்டாய்.

மாசியில் நீ போனாய். சித்திரை முடிந்ததும் பிளஸ் டூ ரிசல்ட். தேறிவிட்டாள், மயிரிழையில். பழியை உன் சாவின் மேல் போடலாமா என்று பார்த்தோம். போன வருஷ மார்க்கும் இதே லட்சணத்தில் இருந்ததால் முடியவில்லை. அவளோ பி.எஸ்சி. இயற்பியல்தான் என்று நின்றாள்.

அன்றைக்கு மத்தியானம் காடாம்புலியூரிலிருந்து உன் அண்ணன் வந்து இறங்கினார், தோளில் ஒரு பலாப்பழத்தோடு. பழத்தை வாசலில் வைத்தார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எங்க அவ? தகப்பன் இல்லாத புள்ள. நாந்தான அடிக்கணும்?"

கடமைக்கு வந்திருந்தார், மச்சான். அவள் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து கழுத்து வரை ரத்தம். நான் வழக்கம்போல் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். உன் அண்ணனுக்கு நம் முறை தெரியாது. அவர் வாசலைப் பார்க்கவில்லை. தலையைப் பின்னுக்கு ஒரு வீச்சு வீசினார். முதல் பல் அப்போது போனது.

இரண்டாவது முறை சுவரில் மோதப்போகும்போதுதான் என் தங்கை பழத்தைத் தூக்கினாள். உன்னிடம் வாழ்ந்த காலத்தில் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதவள். உன் அண்ணன் பாதத்தில் பழம் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. கை தவறிவிட்டது என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். கை தவறுவதற்கு முன் தலைக்கு மேல் ஏன் தூக்கினாள் என்று நான் கேட்கவில்லை. நல்ல பழம். தெருவே மணத்தது.

இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் வாய் ஓயவில்லை. "ஆவணியில என் மச்சினனுக்கு இவள கட்டி வெக்கிறேன். காலேஜ் வாசல மிதிச்சா கால ஒடிப்பேன்." தன் காலை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

சிதம்பரம் யுனிவர்சிட்டியில் முதல் கவுன்சிலிங்கில் அவள் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மிச்சமிருக்கும் இடங்களுக்கு ஒரே ஒரு நாள் நேரில் வரலாம், அன்று மத்தியானத்தோடு சரி என்று சொன்னார்கள். கம்ப்யூட்டர், காமர்ஸ் பக்கம் கல்யாணப் பந்திக்கு முந்துகிற கூட்டம். இயற்பியலில் இடம் காலியாகக் கிடந்தது. இதை விட்டால் அவளுக்கு ஆவணிதான்.

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறியதை உன் அண்ணனுக்கு யார் சொன்னது என்று கேட்காதே. உன் அக்கா என்று நான் எழுதமாட்டேன்.

நானும் தங்கையும் ஆர்த்தியும் யுனிவர்சிட்டி கேட்டை நெருங்கும்போது உன் அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கினார். காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல்.

"நில்லுடி அங்க."

பின்னால் போய்ப் பிடிக்கலாம் என்றுதான் பார்த்தேன். பின்னால் ஆட்டோ நின்றது, இடமில்லை. வேறு வழியில்லாமல் முன்னால் போய் நின்றேன். வீரம் என்று நினைக்காதே, நெருக்கடி.

"தள்ளுடா."

"உள்ள சீட்டு குடுக்கிறாங்க மாமா. அது முடியிற வரைக்கும் என்ன அடிங்க. அவங்க ரெண்டு பேரும் போவட்டும்."

அடித்தார். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, மூன்றாவது முகத்தில். கண்ணாடி பறந்தது, இரண்டாவது பல்லும் போனது. ஓங்கும்போதெல்லாம் உடைந்த காலில் பாரம் விழுந்து அவரும் அலறினார். இருவரும் மாறி மாறி அலறியதில் காவல்காரருக்கு யாரைப் பிடிப்பதென்று தெரியவில்லை.

உள்ளே நடந்ததைத் தங்கை சொன்னாள். மார்க் ஷீட்டைப் பார்த்த பேராசிரியை, "இவ்ளோ கம்மியா இருக்கே. ஃபிசிக்ஸ் கஷ்டமாச்சேம்மா, எதுக்கு இது?" என்றாராம்.

"எங்கப்பா கோவம் வந்தா கையில கெடச்சத தூக்கி அடிப்பாரு மேடம். நான் அத திரும்பவும் ஓட வெப்பேன். அது எப்படி ஓடுதுன்னு மட்டும் எனக்கு இன்னும் தெரியல."

சீட்டு கொடுத்துவிட்டார்கள். காலி இடம், இதைச் சொல்லாவிட்டாலும் கொடுத்திருப்பார்கள்.

ஆர்த்தி வெளியே வந்தபோது உன் அண்ணன் ஆட்டோ படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரிலேயே தரையில் குந்தி, என் கண்ணாடியின் ஒடிந்த காலைத் துப்பட்டாவில் இருந்த ஊக்கால் கோத்து மாட்டினாள். மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"மாமா, அப்பா அடிக்கிறப்ப எப்பவும் பின்னாலருந்துதான புடிப்பீங்க. அப்பவே முன்னால வந்து நின்னிருந்தா என்னா ஆயிருக்கும்?"

நமக்கு அது கூத்து. சுவரோரம் நின்றவளுக்கு என்னவாக இருந்தது? உன்னிடம் பதில் இருக்கிறதா, மச்சான்?

காலேஜ் தொடங்கிவிட்டது. தினமும் சிதம்பரத்துக்கு ரயிலில் போய் வருகிறாள். கார்த்திகை கழிந்தால் முதல் செமஸ்டர் பரீட்சை. அரியர் விழும், எனக்குச் சந்தேகமே இல்லை. விழட்டும். அந்த ரிசல்ட் நாளில் எவன் கை ஓங்கினாலும் நான் முன்னால்தான் நிற்பேன். அது நீயே எழுந்து வந்து ஓங்கும் கையாக இருந்தாலும் சரி.

பல் இன்னும் நிறைய இருக்கிறது. அதற்காகவாவது ஒரு முறை வந்து போ.

உனக்கு மச்சான்,
உன் மகளுக்குத் தாய்மாமன்.