ரங்கூன் துறைமுகத்தில் நம் பெண்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஆடி, 1931

அன்புள்ள அத்தானுக்கு,

தேர்த் திருவிழாவுக்கு வந்த கூடாரத்தில், சுற்றிலும் தொங்கும் ஒரே துணியில் உங்கள் ரங்கூனைத் தீட்டியிருந்தார்கள். நடுவில் நின்று, உங்கள் கடைத்தெருவைத் தேடினேன்.

"யாரைத் தேடுதீக? பேரைச் சொல்லுங்க" என்றார் கூடாரக்காரர். உங்கள் பெயரை நான் வாயால் எப்படிச் சொல்வேன்?

"கூப்பிட்டா மட்டும் அவிய படத்துல இருந்து இறங்கியா வரப்போறாவ!" என்று கூட வந்த மதினி சிரித்தாள்.

ரங்கூன் நம் பெண்களுக்கு ஆகாத ஊர் என்று நான்கு வருடமாக எழுதுகிறீர்கள். படத்தின் துறைமுகத்திலோ கண்டாங்கிச் சேலை கட்டிய பெண்கள் பிள்ளைகளோடு நடக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் உங்கள் சாயல் இல்லை.

கடலையும் பார்த்துவிட்டேன். எனக்குப் பயமாக இல்லை. கப்பலேறி வரச்சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஊரில் இருக்கும் உங்கள் மனைவி